திருகோணமலையின் பெயரில் ஒரு தேக்குக் கப்பல்: ஹார்ட்டில்பூலுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் இருக்கும் சின்னத் துறைமுக ஊர் ஹார்ட்டில்பூல். ஊர் சுற்ற வருகிறவர்கள் லண்டன், எடின்பரோ, யார்க் என்று போய்விடுவார்கள். இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் இங்கே ஒரு டாக்கில் மூன்று பாய்மரங்களோடு ஒரு போர்க்கப்பல் மிதந்துகொண்டிருக்கிறது. 1817ஆம் ஆண்டு பம்பாயில், மலபார்த் தேக்கில் கட்டியது. பெயர் எச்.எம்.எஸ். டிரிங்கோமலீ, அதாவது திருகோணமலை. பிரிட்டனில் இன்றைக்கும் தண்ணீரில் மிதக்கும் போர்க்கப்பல்களில் இதுதான் மூத்தது. பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சனின் விக்டரி கப்பல் இதைவிடப் பழையது என்றாலும், அது 1922லிருந்து போர்ட்ஸ்மவுத்தில் தண்ணீர் இல்லாத உலர்துறையில் நிற்கிறது.

நான் இங்கே நாலு முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் யாராவது புதியவர்களைக் கூட்டிக்கொண்டு போவேன். முதல் முறை செய்த தவறுகளை நீங்கள் செய்ய வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பீரங்கி பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் திரும்புகிற இடமில்லை இது. அங்கே பார்க்க வேண்டியது மரம். அந்த மரத்தை அறுத்து, இழைத்து, பொருத்திய வேலை.

முதலில், போகும் நாளைத் தீர்மானியுங்கள்

ஹார்ட்டில்பூல் ராயல் நேவி அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் திறக்கும் நாட்களையும் நேரத்தையும் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் போடுங்கள். குளிர்காலத்தில் நேரம் மாறும். கோடைக்கால வெயில் நேரத்தை நம்பி டிசம்பரில் கிளம்பக் கூடாது. நுழைவுச் சீட்டையும் இணையத்திலேயே எடுத்துவிடலாம்.

வட கடல் காற்று சும்மா இருக்காது. ஜூலையிலும் காற்றைத் தடுக்கிற ஜாக்கெட் ஒன்று கையில் இருக்கட்டும். காலுக்கு வழுக்காத, தட்டையான ஷூ வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: கப்பலுக்குள் தளத்துக்குத் தளம் இறங்கும் படிகள் செங்குத்தானவை, ஏறத்தாழ ஏணி மாதிரி. புடவையும் செருப்புமாக இறங்குவது கஷ்டம். சுடிதாரோ பேண்ட்டோ போட்டு வரச் சொல்லுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் எந்தத் தளம்வரை போக முடியும் என்று முன்னதாகவே போன் செய்து கேட்டுவிடுவது நல்லது. குழந்தைத் தள்ளுவண்டி கப்பலுக்குள் உதவாது. கைக்குழந்தை என்றால் நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பை கொண்டு போங்கள்.

போய்ச் சேரும் வழி

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து சண்டர்லாந்து போகும் கிராண்ட் சென்ட்ரல் ரயில் ஹார்ட்டில்பூலில் நிற்கும், ரயில் மாற வேண்டாம். சுமார் மூன்று மணி நேரப் பயணம். நியூகாசிலிலிருந்தும் மிடில்ஸ்பரோவிலிருந்தும் நார்தர்ன் ரயில்கள் வருகின்றன. நியூகாசிலிலிருந்து வந்தால் இடது பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். சீஹாம் தாண்டியதும் தண்டவாளம் கடலை ஒட்டியே ஓடும். காரில் வருகிறவர்களுக்கு ஏ19 சாலை. ரயில் நிலையத்திலிருந்து அருங்காட்சியகத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடைதான். ஊரின் கட்டடங்களுக்கு மேல் பாய்மரங்கள் தெரிய ஆரம்பித்ததும் வழி கேட்கவே வேண்டாம்.

கப்பலின் கதையை ரயிலிலேயே சொல்லிவிடுங்கள்

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது முக்கியம். கதை தெரியாமல் போனால் பழைய மரமாகத்தான் தெரியும்.

1782 ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் திருகோணமலைக் கோட்டையை ஆங்கிலேயர்களிடமிருந்து பிடித்துவிட்டார். கோட்டைக்கு உதவ வந்த அட்மிரல் எட்வர்டு ஹியூஸின் கப்பல்கள் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தன. செப்டம்பர் 3ஆம் தேதி துறைமுகத்துக்கு வெளியே கடலில் சண்டை. யாருக்கும் தெளிவான வெற்றி இல்லை. ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிப் போனார். அந்தச் சண்டையின் பெயரைத்தான் பிறகு இந்தக் கப்பலுக்கு வைத்தார்கள்.

நெப்போலியனோடு நடந்த நீண்ட போரில் இங்கிலாந்தின் ஓக் மரங்கள் குறைந்துபோயின. அதனால் கடற்படை பம்பாயை நோக்கித் திரும்பியது. அங்கே வாடியா குடும்பத்துப் பார்சிகள் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கப்பலைக் கட்டியவர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. பின்னாளில், 1842இல், பிரிட்டனும் சீனாவும் செய்துகொண்ட நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தான கார்ன்வாலிஸ் கப்பலும் இவர் கட்டியதுதான்.

வரைபடம் வந்த கதை இன்னும் சுவையானது. லண்டனிலிருந்து ஜாவா என்ற போர்க்கப்பலில் வரைபடங்களைக் கொடுத்து அனுப்பினார்கள். 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிட்யூஷன் கப்பல் ஜாவாவை அடித்து நொறுக்கிவிட்டது. வரைபடமும் அதோடு போயிற்று. மறுபடி ஒரு பிரதி வரைந்து அனுப்ப வேண்டியிருந்தது. அந்த கான்ஸ்டிட்யூஷன் இன்றும் பாஸ்டனில் மிதக்கிறது, பிந்தி வந்த வரைபடத்தில் பிறந்த டிரிங்கோமலீ இங்கே மிதக்கிறது.

ஏரா வைக்கும்போது பார்சிச் சடங்கு செய்து, எழுத்துப் பொறித்த வெள்ளி ஆணி ஒன்றை அதில் அடித்தார்கள். ஏரா என்றால் கப்பலின் முதுகெலும்பாக அடியில் நீளவாக்கில் ஓடும் மரம். வீடு கட்டும்போது நாம் பூஜை போட்டுவிட்டு முதல் கல்லை வைப்பதில்லையா, அது மாதிரி. 1817 அக்டோபர் 12ஆம் தேதி கப்பல் தண்ணீரில் இறங்கியது. பிரிட்டனுக்குப் போகும் வழியில், 1819 ஜனவரியில், செயின்ட் ஹெலினா தீவில் ஆறு நாள் நின்றது. நெப்போலியன் அப்போது அங்கே சிறையில் இருந்தார். அவருக்கு வைத்தியம் பார்த்த ஜான் ஸ்டோக்கோ என்ற மருத்துவரை ஏற்றிக்கொண்டு, ஏப்ரலில் போர்ட்ஸ்மவுத் போய்ச் சேர்ந்தது.

அங்கே போர் முடிந்து வருஷங்கள் ஆகியிருந்தன. கப்பலுக்கு வேலையில்லை. கால் நூற்றாண்டு சும்மா கட்டிப்போட்டார்கள். 1840களில்தான் பின்பகுதியை மாற்றி, பீரங்கிகளைக் குறைத்து, கடலுக்கு அனுப்பினார்கள். 1847லிருந்து கரீபியன், வட அமெரிக்கக் கரை, அப்புறம் 1852லிருந்து 1857 வரை பசிபிக். அடிமை வியாபாரக் கப்பல்களைத் தடுக்கும் ரோந்தும் அதன் வேலைகளில் ஒன்று.

1860களில் பயிற்சிக் கப்பலாக இதே ஹார்ட்டில்பூலுக்கு வந்து சில வருடம் நின்றது. 1897இல் உடைப்பதற்காக விற்றுவிட்டார்கள். அதே வருடம் ஜூனில் ஜெஃப்ரி வீட்லி காப் என்பவருடைய ஃபூட்ரொயான் என்ற பயிற்சிக் கப்பல் பிளாக்பூல் கரையில் புயலில் சிக்கி உடைந்துபோக, அவர் இதை வாங்கி, போன கப்பலின் பெயரையே இதற்கு வைத்துவிட்டார். 1986 வரை எத்தனையோ பிள்ளைகள் இதில் கடல் வேலை கற்றார்கள். 1987இல் ஒரு மிதவையில் ஏற்றி ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்தார்கள். கிரே கம்பெனி போன்ற பெரிய கப்பல் கட்டும் தளங்கள் 1960களிலேயே மூடிப்போன ஊர் அது. 1990இல் தொடங்கிய பழுதுபார்ப்பு 2001 வரை நடந்தது. நடுவில், 1992இல், பழைய பெயர் திரும்பி வந்தது.

உள்ளே போனதும் நேராகக் கப்பலுக்கு

நுழைவாயில் தாண்டியதும் டாக்கைச் சுற்றி ஜார்ஜ் காலத்துத் துறைமுகத் தெரு மாதிரி அமைத்த கடைகள் வரிசையாக நிற்கும். நான் முதல் முறை அங்கேயே மயங்கி நின்றுவிட்டேன். கடை கடையாகப் பார்த்து, சாப்பிட்டு, கப்பலுக்கு ஏறும்போது மணி மூன்று. கீழ்த்தளங்களை ஓட்டமும் நடையுமாகப் பார்த்துவிட்டு வந்தேன். வருத்தமாக இருந்தது. அதனால் சொல்கிறேன்: காலையில் கூட்டம் வருவதற்கு முன் கப்பல், கடைகள் பிறகு. பீரங்கி, துப்பாக்கி சுட்டுக் காட்டும் நிகழ்ச்சி ஏதாவது அன்றைக்கு இருக்கிறதா என்று மட்டும் சீட்டு பார்க்கும் இடத்தில் கேட்டுக்கொண்டு நகருங்கள்.

ஏறுவதற்கு முன் டாக்கின் ஓரமாக நடந்து முழுக் கப்பலையும் ஒருமுறை பாருங்கள். முகப்பில், பாய்மரக் கம்புக்குக் கீழே, தலைப்பாகை கட்டிய ஒருவரின் மார்பளவுச் சிற்பம் இருக்கும். பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் ஏறிவிடுவார்கள்.

போன கோடையில் நண்பர் ஒருவரின் அம்மாவைக் கூட்டிப்போனேன். திருகோணமலையில் பிறந்தவர். நுழைவிடத்தில் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "இஞ்ச பாருங்கோ தம்பி, எங்கட ஊர்ப் பேரெல்லே போட்டிருக்கு!" என்று என் கையைப் பிடித்தார். அந்த முகப்புச் சிற்பத்துக்கு நேர் கீழே நின்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவசரப்படுத்தவில்லை.

மேல்தளம்

இங்கே முதலில் காலடியைப் பாருங்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே கறுப்புக் கோடு ஓடும். பழைய கயிற்றைப் பிரித்த நாரைத் திணித்து, மேலே தார் காய்ச்சி ஊற்றி அடைக்கிற வேலை அது. நம் கடற்கரைகளில் கலப்பத்து பார்ப்பது என்பார்களே, அதேதான். நாகப்பட்டினத்திலோ கடலூரிலோ மரப்படகு கட்டும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோடு உடனே பிடிபட்டுவிடும்.

அப்புறம் நிமிர்ந்து பாருங்கள். மூன்று பாய்மரம், அவற்றிலிருந்து இறங்கும் நூற்றுக்கணக்கான கயிறுகள். பக்கவாட்டில் ஏணி மாதிரி வலை பின்னிய கயிறுகளில்தான் மாலுமிகள் மேலே ஏறிப் பாயை விரித்தார்கள், சுருட்டினார்கள். கப்பல் இரண்டு பக்கமும் ஆடும்போது, மழையில், இருட்டில்.

பீரங்கித் தளம்

இங்கேயிருந்து படி ஆரம்பம். இறங்கும்போது படியைப் பார்த்தபடி, முதுகை வெளிப்பக்கம் காட்டி, இரண்டு கையாலும் கயிற்றையோ கம்பியையோ பிடித்து இறங்குங்கள். முன்பக்கம் பார்த்து இறங்கப் போனால் வழுக்கும். பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் முதலில் இறங்கிக் கீழே நிற்கட்டும்.

இந்த வகைக் கப்பலை ஃபிரிகேட் என்பார்கள். பெரும்பாலான பீரங்கிகள் ஒரே தளத்தில்தான் இருக்கும். முதலில் வரைந்த திட்டப்படி இந்தத் தளத்துக்கு 18 பவுண்டர் பீரங்கிகள் மொத்தம் 28. 18 பவுண்டு என்பது குண்டின் எடை, நம் கணக்கில் எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். சுட்டதும் பீரங்கி பின்னால் எகிறும். அதைத் தடுத்து நிறுத்தும் தடித்த வடம் எங்கே சுவரோடு கட்டியிருக்கிறது என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள்.

பின்கோடியில் கேப்டனின் அறை. ஜன்னல் வரிசையில் வெளிச்சம் உள்ளே கொட்டும். அங்கே நின்று பார்த்த வெளிச்சத்தை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த தளத்துக்கு இறங்குங்கள். யாருக்கு எவ்வளவு இடம், யாருக்கு எவ்வளவு காற்று என்பது உடம்புக்கே தெரியும்.

மாலுமிகள் வாழ்ந்த தளம்

எனக்குப் பிடித்த இடம் இதுதான். குறைந்தது அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நான் அப்படி ஒன்றும் உயரமில்லை, எனக்கே குனிந்துதான் நடக்க வேண்டியிருக்கிறது. உத்தரத்தில் இடித்துக்கொள்ளாமல் போகிறவர்களைப் பார்த்ததில்லை. இருநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இங்கேதான் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு மாலுமியின் தூக்குத் தொட்டிலுக்குக் கிடைத்தது 14 அங்குல அகலம். தோளுக்குத் தோள் இடிக்கும் கணக்கு. பாதிப்பேர் மேலே காவலில் இருப்பார்கள் என்பதால்தான் சமாளிக்க முடிந்தது.

கூட்டம் நகர்ந்ததும் ஓரமாக நின்று ஒரு தூணிலோ பக்கச் சட்டத்திலோ கையை வையுங்கள். மரம் சில்லென்று இருக்காது. பக்கத்தில் போய் மோந்தால் தார் வாசனைக்கு அடியில் லேசான எண்ணெய் வாசனை வரும். பாட்டி வீட்டுப் பழைய அலமாரியைத் திறந்தால் வருமே, கிட்டத்தட்ட அது. பழுதுபார்க்கும்போது மாற்றிய மரங்களும் உண்டு, ஆனால் பம்பாயில் வைத்த தேக்கு நிறையவே பிழைத்திருக்கிறது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ச் சத்து உண்டு, எளிதில் உளுத்துப்போகாது. ஓக்கில் இருக்கும் அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும், தேக்கு அப்படிச் செய்யாது. இதே வகையில் இங்கிலாந்தில் ஓக் மரத்தில் கட்டிய கப்பல்களில் இன்று மிச்சம் யூனிகார்ன் ஒன்றுதான். 1824இல் இறங்கியது, ஸ்காட்லாந்தின் டண்டீயில் நிற்கிறது. முடிந்தால் அதையும் ஒருநாள் போய்ப் பாருங்கள்.

அடித்தளம்

கடைசிப் படி. இருட்டு, சின்ன இடம். மூச்சு முட்டுகிறவர்கள், இருட்டுக்குப் பயப்படும் குழந்தைகள் மேலேயே நிற்கட்டும். உப்பிட்ட இறைச்சி, தண்ணீர், சாராயம் என்று மாதக்கணக்கான சாமானெல்லாம் பீப்பாய் பீப்பாயாக அடியில்தான். கப்பல் சாய்ந்துவிடாமல் இருக்கப் பாரம் ஏற்றுவதும் அங்கேதான். வெடிமருந்து அறையும் கீழேதான், எதிரியின் குண்டு எட்டாமல் நீர்மட்டத்துக்குக் கீழே. கப்பலின் விலா எலும்புகள் போல வளைந்து ஏறும் சட்டங்களைப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. அவ்வளவு வளைவுகளையும் எந்திரம் இல்லாமல் வாய்ச்சியாலும் ரம்பத்தாலும் செதுக்கிச் சேர்த்த பம்பாய்த் தச்சர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. நான் ஒவ்வொரு முறையும் அவர்களை நினைத்துக்கொண்டுதான் மேலே ஏறுவேன்.

இதற்கே இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும்.

அப்புறம் கடைத்தெரு

வாள் செய்பவர், துப்பாக்கி செய்பவர், தையற்காரர், அச்சகம், கடற்பயணக் கருவி விற்பவர் என்று ஒவ்வொரு கடையும் ஒரு காட்சி. கருவிக் கடையை மட்டும் விட்டுவிடாதீர்கள், நடுக்கடலில் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது அங்கேதான் புரியும். சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடத் தனி இடம் இருக்கிறது, அதனால் பெரியவர்கள் காபியோடு உட்காரலாம். சுத்த சைவம் என்றால் கையில் புளியோதரை கட்டிக்கொண்டு போவது நிம்மதி. மற்றவர்கள் ஊருக்குள் மீனும் சிப்ஸும் சாப்பிடலாம். இந்த வட்டாரத்துக்கே உரிய பார்மோவையும் ஒருமுறை ருசி பாருங்கள்: ரொட்டித்தூளில் பொரித்த கோழி, மேலே வெள்ளைச் சாஸும் உருகிய சீஸும். இரண்டு பேருக்கு ஒன்று போதும்.

பக்கத்திலேயே ஹார்ட்டில்பூல் ஊர் அருங்காட்சியகம். அதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. விங்ஃபீல்டு காசில் என்ற துடுப்புச் சக்கர நீராவிக் கப்பலும் இந்த அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. 1934இல் இதே ஊரில் கிரே கம்பெனி கட்டியது, 1974 வரை ஹம்பர் ஆற்றில் ஆட்களை அக்கரை சேர்த்தது. அதில் ஏற முடியுமா என்று அன்றைக்கு விசாரித்துக்கொள்ளுங்கள். அதனுடைய சகோதரக் கப்பல் டாட்டர்ஷால் காசில் லண்டனில் தேம்ஸ் ஆற்றில் உணவகமாக நிற்கிறது.

காரில் வந்தவர்கள் மாலையில் ஹெட்லாண்டுக்கு ஒரு நடை போய்வரலாம். பழைய ஹார்ட்டில்பூல் அதுதான். 1914 டிசம்பர் 16ஆம் தேதி ஜெர்மானியக் கப்பல்கள் இந்த ஊரின்மேல் குண்டு பொழிந்தபோது திருப்பிச் சுட்ட ஹியூ பீரங்கித் தளம் அங்கே இருக்கிறது.

ரயிலில் திரும்புகிறவர்கள் கடைசி நேரம்வரை காத்திருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்கள் குறைவு, வரும்போதே திரும்பும் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நியூகாசில் பக்கம் போகிறவர்கள் இந்த முறை வலது பக்கம் உட்காருங்கள். நண்பரின் அம்மா அன்றைக்கு அந்த ஜன்னலோரம்தான் உட்கார்ந்தார். சீஹாம் வரும்வரை கடலைப் பார்த்தபடி, தன் சின்ன வயதில் பார்த்த திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்.